முப்பத்தாறு சவுக்காரம்

அந்த நாவலில் என் அம்மா நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் செத்துப்போகிறாள். மண்டபம் முகாமில், அடைமழையில், முந்தானையில் முடிந்து கொண்டுவந்த ஒரு பிடி இலங்கை மண்ணை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாகிறாள். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் படிப்பேன். அதனால் அம்மா சாகப்போவது எனக்குத் தெரிய ஒன்பது நாள் ஆனது.

அந்தச் சாவுக்குக் காரணம் நான்தான்.

நாங்கள் சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். விடியற்காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற இடத்தைப் பெரட்டுக்களம் என்பார்கள். அங்கே துரை எதைக் கேட்டாலும் பதில் "ஆமாங்க" என்பதுதான். கங்காணி கேட்டாலும் அதுதான். என்ன கேட்டார்கள் என்பதை வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்து யோசித்துக்கொள்ளலாம். எங்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியபோது, வந்து இறங்கிய மண்டபம் முகாமில் ஒரு அதிகாரி என் அப்பாவிடம், குளிர் தாங்குவீர்களா, மலைக்காட்டு வேலை பழக்கமா என்று கேட்டார். அப்பா "ஆமாங்க" என்றார். பக்கத்து மேசையில் நூல் மில்லுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது அப்பாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் எங்கள் லாரி வத்தலக்குண்டு தாண்டிவிட்டது. கொடைக்கானல் மலைக்கு இப்படித்தான் வந்தோம். ஒரு காண்ட்ராக்டரிடம் வேட்டில் மரத்துப் பட்டை உரிக்கிற வேலை. அப்போது எனக்கு வயது பதினொன்று. இப்போது அறுபத்தைந்து.

நாவலை எழுதிய அம்மா சென்னையிலிருந்து வந்தவர். பூம்பாறையைப் பார்த்த மேட்டில் ஒரு காட்டேஜ் எடுத்து மூன்று மாதம் தங்கினார். மழைக்காலம். பூண்டு வேலை இல்லை. அதனால் அவருக்குக் கூட்டிப் பெருக்கப் போனேன். முதல் நாளே, "நான் உங்களை அம்மான்னு கூப்பிடலாமா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். நானும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டேன். இரண்டு அம்மாக்களும் ஹீட்டர் முன்னால் உட்கார்ந்து காப்பி குடித்தோம்.

அந்தக் காப்பியைச் சொல்ல வேண்டும். அவர் குடிக்கிற அதே பூப்போட்ட கப்பில் எனக்கும் ஊற்றினார். நான் முப்பது வருடமாகப் பூண்டு வேலைக்குப் போகிற வீட்டில், எனக்கென்று ஒரு சில்வர் தம்ளர் மாட்டுக் கொட்டகைச் சுவரில் கவிழ்த்து வைத்திருக்கும். நானே எடுத்து, நானே கழுவி, நானே கவிழ்க்க வேண்டும். அப்படி இருக்கும்போது பூப்போட்ட கப்பில் காப்பி கொடுக்கிறவர் ஒன்று கேட்டால் இல்லை என்று எப்படிச் சொல்வது?

"உங்க அம்மா கப்பல் ஏறும்போது அழுதாங்களாம்மா?"

"ஆமாங்க."

அழவில்லை. மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பிறந்த மண்ணு இல்லையா? ஒரு பிடியாவது எடுத்துட்டு வந்திருப்பாங்களே?"

"ஆமாங்க."

"எதுல? முந்தானையிலயா?"

"ஆமாங்க."

அவர் வெகுநேரம் எழுதினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அவங்க இப்ப இல்லைதானேம்மா?" என்றார். "ஆமாங்க" என்றேன். அது நிஜம். அம்மா செத்து அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதைப் பற்றிப் பேச்சு வளர்ந்தால் எனக்கு அழுகை வந்துவிடும். வெளியாள் முன்னால் அழுது எனக்குப் பழக்கமில்லை. பேச்சு வெரசாக முடிந்தால் போதும் என்று இருந்தது.

"முகாம்லயே தவறிட்டாங்களா?"

"ஆமாங்க."

முடிந்தது. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அம்மாவை நான் கொன்றது இப்படித்தான்.

அம்மா சிலோனிலிருந்து கொண்டுவந்தது முப்பத்தாறு சவுக்காரக் கட்டிகள். சோப்பை நாங்கள் சவுக்காரம் என்றுதான் சொல்வோம். எங்களுக்கு முன்னால் இந்தியா வந்த ஒரு கங்காணி வீட்டம்மா, இங்கே நல்ல சவுக்காரமே கிடைக்காது என்று கடிதம் போட்டிருந்தார். அம்மா அதை வேதம் மாதிரி நம்பினாள். பித்தளைப் பானையை விற்றுச் சவுக்காரம் வாங்கினாள். அரிசிக்குள் நாலு, தலையணைக்குள் ஆறு, என் பாவாடைக்குள் இரண்டு என்று பிரித்து வைத்தாள். கப்பலில் வந்த எல்லாருக்கும் வாந்தி. எங்கள் மூட்டை மட்டும் மணத்தது.

மண்டபம் வந்து பார்த்தால் இங்கே சவுக்காரம் தாராளமாகக் கிடைத்தது. அம்மா அசரவில்லை. "இது வெளிநாட்டுச் சவுக்காரம்" என்று முகாம் வாசலில் உட்கார்ந்து சொன்னாள். கம்பளி, அரிசி, ஒரு அலுமினியக் குண்டான் என்று மாற்றிக்கொண்டாள். முதல் குளிர்காலத்தை இந்த மலையில் அந்தக் கம்பளியால்தான் தாண்டினோம். ஒரு கட்டியை மட்டும் பிஸ்கட் டின்னில் எடுத்து வைத்தாள். பின்னால் என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கை கழுவக் கொடுப்பதற்கு. கீழே ஆத்தூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. சிலோன்காரர் வீடு என்று தெரிந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துபோனார்கள். சவுக்காரம் டின்னுக்குத் திரும்பியது. பிறகு சிலோனிலிருந்து வந்தவர்கள் இருக்கிற எங்கள் காலனிக்குள்ளேயே எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கை கழுவிக்கொண்டுதான் வந்திருந்தார்.

நாவல் வந்ததும் எழுதிய அம்மா எனக்கு ஒரு பிரதி அனுப்பினார். நான் ஒன்பதாம் நாளில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி அதை வாங்கிப்போய் மருமகளை வாசிக்கச் சொல்லி ஒரே மத்தியானத்தில் கேட்டு முடித்துவிட்டாள். அவள் எங்களோடு ஒரே கப்பலில் வந்தவள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டாள்:

"ஏன்டி, ஒங்க அம்மா மண்டபத்துலயே செத்துப்போச்சாமே?"

நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்ப ரெண்டு வருசத்துக்கு முந்தி வரைக்கும் எங்கிட்ட வந்து சீனி இல்லாம தேத்தண்ணி கேட்டது யாரு, பேயா?"

"கதைடி அது."

"கதைன்னா கொன்னுபுடுவியா? அந்த மனுசி இருந்திருந்தா ஒன் முடியப் புடிச்சிருக்கும். மண்ணாம்! சவுக்காரத்துக்கு எடமில்லைன்னு ஒங்கப்பன் வேட்டியவே தூக்கிப் போட்ட பொம்பளை, மண்ணத் தூக்கிட்டு வந்துச்சாம்!"

அவள் சொன்னது அத்தனையும் சரி. அம்மாவுக்குச் சாவது பிடிக்காது. பட்டைக் காட்டில் லாரி கவிழ்ந்தபோது சாகவில்லை. நிமோனியா காய்ச்சலில் சாகவில்லை. அப்பா போனபோது கூடவே போய்விடுவாள் என்றார்கள், அதற்கும் மசியவில்லை. அப்படிப்பட்டவளை முப்பத்திரண்டு வயதில் முடித்துவிட்டேன். அச்சிலும் வந்துவிட்டது. இனி எங்களைத் தெரியாத ஜனம் எல்லாம் அவளை அப்படித்தான் தெரிந்துகொள்ளும். இதை எப்படியாவது மாற்ற வேண்டும் என்று எனக்கு இருந்தது. யாரிடம் போய் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

சொல்வதற்கு ஒரு வழி வந்தது. ஆனால் தலைகீழாக வந்தது. எழுதிய அம்மா போனில் கூப்பிட்டார்.

"கொடைக்கானல்ல ஒரு கருத்தரங்கு வச்சிருக்காங்கம்மா. நம்ம நாவலைப் பத்தி. நீங்க கட்டாயம் வரணும். அந்த மண்ணு இருக்குல்ல, அதைக் கொண்டுவாங்க. கண்ணாடிப் பெட்டியில வச்சு எல்லாருக்கும் காட்டணும்னு ஆசைப்படறாங்க. பத்திரமா வச்சிருக்கீங்கதானே?"

"ஆமாங்க."

போனை வைத்த பிறகு யோசித்தேன்.

அன்றைக்கு எனக்கு வந்த புத்தி, ஏதாவது ஒரு மண்ணைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்பதுதான். எங்கள் காலனி நிற்பது சரளைக் கல்லில். ரோட்டோர மண்ணில் டீசல் வாடை. சிலோன் தோட்டத்து மண் செம்பழுப்பாக, பிடித்தால் உருண்டையாக நிற்கும். அது மாதிரி மண் நான் வேலை செய்கிற பூண்டுக் காட்டில் இருக்கிறது. இங்கே காடு என்றால் பயிர் வைக்கிற நிலம். அந்தக் காட்டுக்காரம்மா குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூண்டு ஊன்றியதிலிருந்து முதல் களை எடுக்கிற வரைக்கும் காட்டு மண் வெளியே போகக் கூடாது. போனால் விளைச்சலும் கூடவே போய்விடும் என்பார்கள். வேலை முடிந்ததும் நாங்கள் எல்லாரும் காட்டு மூலையில் நின்று கால் கழுவிவிட்டுத்தான் ரோட்டுக்கு ஏற வேண்டும். நகக்கண்ணில் ஒட்டிய மண்ணையும் குச்சியால் எடுத்து அங்கேயே உதறிவிட வேண்டும். முப்பது வருடமாக உதறியிருக்கிறேன்.

அப்போது ஊன்றிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மற்றவர்கள் கால் கழுவிப் போனபிறகு நான் குனிந்தேன்.

"ஏ சிலோனு, அங்க என்ன குனிஞ்சு நிக்கிற?" காட்டுக்காரம்மா மேல்வரப்பில் குடையோடு நின்றார். "சோலி முடிஞ்சு எல்லாரும் போயாச்சுல்ல?"

"ஒரு பிடி மண்ணு வேணுங்கம்மா."

"மண்ணா? எதுக்கு?"

"கொடைக்கானல்ல ஒரு கூட்டங்க. அங்க கேக்குறாங்க."

"எதுக்கு, திங்கிறதுக்கா?"

"கண்ணாடிப் பெட்டியில வைக்கிறதுக்குங்க. சிலோன் மண்ணுன்னு."

காட்டுக்காரம்மா வரப்பிலிருந்து இறங்கி வந்தார். "எங்க பாட்டன் பூட்டன் வெட்டித் திருத்துன மண்ண எடுத்துட்டுப் போயி சிலோன் மண்ணுன்னு சொல்லப் போறியாக்கும்?"

"ஆமாங்க."

"நெஞ்சழுத்தந்தான் ஒனக்கு. களை எடுக்கல, காவு குடுக்கல, அதுக்குள்ள மண்ணு கேக்குற. முப்பது வருசமா இங்கதான கால் கழுவுற, வழக்கம் தெரியாதா?"

"தெரியுங்கம்மா."

"பெறகு? கையக் கழுவிட்டு வெரசா வீடு போய்ச் சேரு. மழை கட்டிக்கிட்டு வருது. நாளைக்கு வெள்ளனே வந்துரு."

கையைக் கழுவினேன். விரலிடுக்கில் இருந்ததையும் கழுவினேன். நடந்து வருகிறபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அங்கேயிருந்து கொண்டுவரவில்லை, இங்கேயிருந்து எடுக்க முடியாது. ஆகவே என்னிடம் மண் கிடையாது. சவுக்காரம்தான் இருக்கிறது. இருக்கிறதைக் கொண்டுபோவோம் என்று டின்னைத் திறந்தேன். கட்டி காய்ந்து, நடுவில் வெடித்து, பழுப்பேறிக் கிடந்தது. மணம் கொஞ்சம் இருந்தது. வெள்ளைத் துணியில் முடிந்துகொண்டேன்.

கருத்தரங்கு நடந்த ஹால் வாசலில் பெரிய துணி கட்டியிருந்தார்கள். "இன்றைய புலம்பெயர் புனைவில் அதிகாரம், சொந்தம், ஒதுக்கம்" என்று இருந்தது. நான் கூட்டிப் படித்துக்கொண்டு நின்றேன். 'ஒதுக்கம்' வரை வந்தபோது வாட்ச்மேன் வந்தார்.

"சமையலுக்கா பாட்டி? பின்பக்கமாப் போங்க, இது கெஸ்ட் வர்ற வழி."

"ஆமாங்க" என்று பின்பக்கமாகப் போனேன்.

அங்கே சமையல் மாஸ்டர் என்னைக் கண்டதும், "இப்பத்தான் வர்றீகளா? கேட்டது நாலு ஆளு, வந்தது ஒண்ணு, அதுவும் பத்து மணிக்கு. உக்காந்து வெங்காயத்த உரிங்க" என்று கத்தியை நீட்டினார். உட்கார்ந்தேன். சின்ன வெங்காயம், ஒரு சாக்கு. உள்ளே மைக்கில் யாரோ பேசுவது கேட்டது. சாக்கில் கால்வாசி முடித்திருப்பேன். எழுதிய அம்மா என்னைத் தேடிக்கொண்டு அடுப்படி வரைக்கும் வந்துவிட்டார்.

"ஐயோ, இங்கயா இருக்கீங்க? முன் வரிசையில உங்களுக்கு நாற்காலி போட்டு..." என் முகத்தைப் பார்த்தார். "அழறீங்களா? அம்மாவை நினைச்சுக்கிட்டீங்களா?"

"ஆமாங்க" என்றேன். கண்ணைத் துடைத்தேன், இன்னும் எரிந்தது.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதில் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்கு முன்னால் தடித்த அட்டையில் "தாயகத்து மண்" என்று அழகாக அச்சடித்திருந்தது. கீழே சின்ன எழுத்தில், எந்த அம்மாவின் முந்தானையிலிருந்து வந்தது என்று இரண்டு வரி. எழுதிய அம்மா கையை நீட்டினார். துணி முடிச்சைக் கொடுத்தேன். அவிழ்த்தார்.

"இது என்னம்மா?"

"சவுக்காரங்க."

"மண்ணு?"

பெரட்டுக்களத்தில் நிற்கிறது மாதிரி நேராக நின்றுகொண்டேன்.

"இல்லைங்க."

"வீட்டுல வச்சுட்டு வந்துட்டீங்களா?"

"இல்லைங்கம்மா. எங்கம்மா மண்ணு கொண்டாரலை. சவுக்காரந்தான் கொண்டாந்துச்சு. முப்பத்தாறு."

"அன்னிக்கு ஆமான்னு சொன்னீங்களே?"

"ஆமாங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப... முகாம்ல அவங்க?"

"சாகலைங்க. எம்பத்தி மூணு வயசு இருந்துச்சு. நீங்க இங்க வர்றதுக்கு எட்டு மாசம் முந்தி வரைக்கும் இருந்துச்சு."

அவர் கோபப்படவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது. அதற்குள் கூட்டத்தை நடத்துகிற சார் ஓடிவந்து, நேரமாகிவிட்டது, பெட்டி காலியாக இருக்கிறதே என்றார். எழுதிய அம்மா சவுக்காரத்தைக் காட்டி மெதுவாக ஏதோ சொன்னார். சார் சவுக்காரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

"அட்டை பிரின்ட் பண்ணியாச்சே மேடம்" என்றார்.

சவுக்காரத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். அட்டை அப்படியே இருந்தது.

ஒரு பேராசிரியர் அந்த மண்ணைப் பற்றி நாற்பது நிமிடம் கட்டுரை வாசித்தார். நடுவில் இரண்டு முறை பெட்டியைப் பார்த்தார். இரண்டாம் முறை கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். ஆனால் கட்டுரை முன்னமே எழுதியது. நிறுத்த முடியாது. எனக்கு அதில் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியில், மண்ணை இழந்தவர்களின் குரலை யாரும் கேட்பதில்லை என்று சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு எனக்குச் சால்வை போட்டார்கள். மைக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்து, "இந்த மண்ணைப் பார்க்கும்போது உங்களுக்கு என்னம்மா தோணுது?" என்று சார் கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார்.

"இது சவுக்காரங்க" என்றேன். என் குரல் நாலு பக்கத்திலிருந்தும் எனக்கே திரும்பி வந்தது. "எங்கம்மா முகாம்ல சாகலைங்க. சவுக்காரத்த வித்துக் கம்பளி வாங்குச்சு. பெறகு அம்பது வருசம் இருந்துச்சு."

பின்வரிசையில் ஒருவர் இருமினார். சார் மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, நேரம் குறைவாக இருப்பதால் அடுத்த அமர்வுக்குப் போவோம் என்றார்.

சாப்பாடு முடிந்து பெட்டியிலிருந்து சவுக்காரத்தைக் கேட்டேன். ஆவணக் காப்பகத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்றார் சார். "இல்லைங்க" என்றேன். அது அன்றைக்கு எனக்கு மூன்றாம் தடவை. முதல் தடவையைவிட வெரசாக வந்தது. சாம்பாரில் வெங்காயம் நன்றாக வெந்திருந்தது.

எழுதிய அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். பூம்பாறை பஸ் வருகிற வரை என்கூடவே நின்றார். "அடுத்த பதிப்புல சரி பண்ணிடறேன்மா. உங்க அம்மாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சவுக்காரத்தை டின்னில் வைத்து, அம்மா படத்துக்குக் கீழே தள்ளி வைத்தேன்.

முதல் களை எடுத்த அன்றைக்குச் சாயங்காலம் காட்டுக்காரம்மா என்னை நிற்கச் சொன்னார். ஒரு உரச் சாக்கில் பாதிக்கு மண் போட்டு வைத்திருந்தார். "அன்னிக்குக் கேட்டேல்ல. இப்பக் கொண்டுபோலாம். சிலோன் மண்ணுன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிப்புடாத" என்றார். கூட்டம் முடிந்துவிட்டது, எனக்கு மண் வேண்டாம். ஆனால் இல்லை என்கிற சொல் எனக்கு அடிக்கடி வராது போலிருக்கிறது. "ஆமாங்க" என்று தலையில் தூக்கிக்கொண்டு ஏறினேன். நல்ல கனம். வேலியோரம் கொட்டி மல்லி விதைத்திருக்கிறேன்.

போன மாதம் இரண்டாம் பதிப்பு வந்தது. எழுதிய அம்மா முதல் பக்கத்தில் என் அம்மாவுக்கு நன்றி என்று கையால் எழுதியிருந்தார். இந்தத் தடவை நான் நேராக நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போனேன். அங்கே அம்மா மண்டபம் முகாமில், அடைமழையில், ஒரு சவுக்காரக் கட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செத்துப்போகிறாள்.

போன் போட்டேன். நானாக அவருக்குப் போட்டது அதுதான் முதல் தடவை. அவர் சங்கடப்பட்டார். "அந்த இடத்துல அவங்க சாகலேன்னா, மிச்சக் கதை நிக்காதும்மா. மகள் தனியா மலைக்கு வர்றதுதானே கதையே. உங்களுக்குப் புரியுதில்லையா?"

"ஆமாங்க" என்றேன். புரியத்தான் செய்தது.

பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். "சவுக்காரமாச்சும் சரியா வந்துச்சே. அதுவரைக்கும் லாபம்னு விடு" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நீயே எழுதேன்டி. எழுத்துத்தான் தெரியும்ல ஒனக்கு" என்றாள். அதனால்தான் இந்த நோட்டில் எழுதுகிறேன். இங்கே கேள்வி கேட்க ஆள் கிடையாது. ஆமாங்க என்று சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை.

என் அம்மா எண்பத்து மூன்றாம் வயதில், பூம்பாறை ரோட்டுக் காலனியில் சொந்த வீட்டுக் கட்டிலில் செத்தாள். காலை பத்து மணி இருக்கும். மழை இல்லை, நல்ல வெயில். கையில் மண்ணும் இல்லை, சவுக்காரமும் இல்லை. தேத்தண்ணித் தம்ளர் இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல சாயமே இல்லையேடி" என்றாள். வேறு போட்டுக்கொண்டு வருகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். கொண்டுவந்து பார்த்தால் முடிந்திருந்தது. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தத் தேத்தண்ணியை நானே குடித்தேன். சாயம் சரியாகத்தான் இருந்தது.